லெஃப்ட் த்ரெட் என்றான் தம்பி

என் வண்டியின் பின்சக்கரத்தோடு ஒரு ஃபிட்டரும் ஒரு வெல்டரும் இரண்டு நாள் மல்லுக்கட்டினார்கள். ஃபிட்டர் என் தம்பி. கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில்லில் பதினெட்டு வருஷ சர்வீஸ். வெல்டர் எதிர்வீட்டுக்காரர். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாய்லர் செய்யும் கம்பெனியில் இருக்கிறார். இருவரும் இந்த வயது வரை இரும்பைத் தொட்டுத்தான் சோறு தின்றவர்கள். ஒரு சைக்கிள் ஃப்ரீவீலை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பது இருவருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வரை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி என்றால் பைக்கோ காரோ இல்லை. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப் போயின. அதற்காக அழ வேண்டிய அழுகையெல்லாம் அழுது முடித்து நாற்பது வருஷம் ஆகிறது, படிக்கிறவர்கள் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். வண்டியில் நெஞ்சுக்கு நேராக இரண்டு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் செயின் ஓடி இடதுபக்கப் பின்சக்கரத்தை உருட்டும். அந்தச் சக்கரத்தின் நடுவில், செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரம்தான் ஃப்ரீவீல். எல்லா சைக்கிளிலும் இருப்பதுதான். முன்னால் சுற்றினால் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளும், கையை எடுத்தால் கடகடவென்று சும்மா ஓடும்.

எங்கள் ஊர் திருநின்றவூருக்கும் காக்களூருக்கும் நடுவில் இருக்கிறது. தினமும் காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பி, நாலு கிலோமீட்டர் கையால் சுற்றி, எட்டு மணிக்கு முன்னால் எஸ்டேட்டுக்குள் போய்விடுவேன். போல்ட்டு நட்டு செய்யும் யூனிட்டில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. போல்ட்டின் மரை சரியாக விழுந்திருக்கிறதா என்று அளவு பார்க்கும் கேஜை மாட்டிப் பார்ப்பது. ஒரு பக்கம் ஏற வேண்டும், இன்னொரு பக்கம் ஏறக்கூடாது. ஏறக்கூடாத பக்கம் ஏறினால் தூக்கி சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவேன், செய்தவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. வலதுபக்கம் திருப்பினால் இறுகுவது ரைட் த்ரெட், இடதுபக்கம் திருப்பினால் இறுகுவது லெஃப்ட் த்ரெட். எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிச் சொல்வேன். பதினோரு வருஷமாக அதுதான் என் பிழைப்பு.

ரோட்டில் எனக்குப் பிடிக்காத ஜென்மங்கள் பல உண்டு. முதலிடம், கேட்காமல் பின்னால் வந்து தள்ளுகிறவர்களுக்கு. ஏற்றத்தில் மூச்சைக் கட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருப்பேன், திடீரென்று வண்டி லேசாகும். திரும்பிப் பார்த்தால் யாரோ ஒருவன் புண்ணியம் சேர்த்துக்கொண்டிருப்பான். நான் ஹாண்டிலைப் பிடிப்பதா, அவனைப் பார்த்துச் சிரிப்பதா? தள்ளி முடித்ததும் சிரிப்பை வேறு எதிர்பார்த்து நிற்பான். இரண்டாம் இடம் லாரிக்காரர்களுக்கு. போன மாதம் ஒரு கன்டெய்னர் லாரி என்னை உரசிக்கொண்டு வந்து ரோட்டை விட்டு மண்ணில் இறக்கிவிட்டது. வண்டி முள்ளுச்செடியில் சாய்ந்தது. நானே நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனேன். சக்கரத்தின் ரிம் மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது. வீட்டில் கேட்டதற்குக் கல்லில் ஏறிவிட்டது என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் ஆளாளுக்கு அட்வைஸ் பண்ண உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, எஸ்டேட் கேட்டைத் தாண்டி கொஞ்ச தூரத்தில் ஃப்ரீவீல் போய்விட்டது. கைப்பிடி சுற்றுகிறது, செயின் ஓடுகிறது, சக்கரம் மட்டும் நகரவில்லை. உள்ளே பிடித்துத் தள்ளுகிற சின்ன இரும்பு நாக்குகள் தேய்ந்திருக்கும். பேக்கிங்கில் வேலை செய்கிற இரண்டு பேர் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இவர்கள் கேட்டுத்தான் தள்ளினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வழியில் டீக்கடைகளில் உட்கார்ந்திருந்த அத்தனை வாயும் உச்சுக்கொட்டியது. பதினோரு வருஷம் நானாகப் போனபோது ஏறிட்டுப் பார்க்காதவர்கள், தள்ளிக்கொண்டு வந்தால் மட்டும் பார்க்கிறார்கள்.

வேறு எந்த வாரமாக இருந்தாலும் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். வரப்போகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. பதினோரு வருஷமாக நான் கான்ட்ராக்ட். இன்ஸ்பெக்‌ஷனில் ஒரே ஒரு பர்மனென்ட் இடம் விழுந்திருந்தது. மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் நேற்று வந்த பசங்கள், கேஜை ஸ்பானர் மாதிரி பிடிப்பவர்கள். வேலை தெரிந்தவள் நான்தான் என்று மேனேஜருக்கும் தெரியும். ஆனால் பெரிய ஆபீஸிலிருந்து வருகிற ஆளுக்கு அது தெரியாது. அவன் பார்க்கப்போவது நான் எப்படி வருகிறேன் என்பதைத்தான்.

ஆட்டோவில் போகலாமே என்று கேட்பீர்கள். எதிர்வீட்டம்மாவும் கேட்டாள். ஆட்டோ கேட் வரைக்கும்தான். உள்ளே யூனிட்டுக்குத் தூரம் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு ஆண்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் வைப்பார்கள். இந்த வண்டிதான் எனக்கு உள்ளேயும் கால். தூக்கி வைக்கப்பட்ட ஒருத்தியைப் பார்த்துவிட்டு இவளை ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று எவன் கையெழுத்துப் போடுவான்? என் கையால் சுற்றிக்கொண்டு அந்த ஷெட்டுக்குள் போனால்தான் எனக்கு அந்த வேலை.

தம்பிக்கு மில்லில் ஷட்டவுன் வேலை முடிந்து வெள்ளியும் சனியும் ஈடுகட்டும் லீவு. நல்ல காலம் என்று நினைத்தேன். வண்டி இல்லாததால் நானும் லீவு சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அவனே சக்கரத்தைக் கழற்றி வாசலில் போட்டான். திருவள்ளூருக்குப் போய் சைக்கிள் கடையில் புது ஃப்ரீவீல் வாங்கிக்கொண்டு வந்தான். பழையதைக் கழற்ற ஒரு தனிச் சாவி வேண்டும். நடுவில் இரண்டு பக்கமும் இருக்கிற சின்னக் காடிகளில் போய் உட்காருகிற மாதிரி இரண்டு மூக்கு வைத்த சாவி. எங்கேடா என்று கேட்டேன். கடையில் இல்லை என்றான். அதில்லாமலே கழற்றிவிடலாம், நான் கழற்றாத இரும்பா என்றான்.

சொல்லிவிட்டு உளியையும் சுத்தியலையும் எடுத்தான். காடியில் உளியைச் சாய்த்து வைத்து அடித்தான். அவன் அடிக்கிற பக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கழற்றுகிற பக்கம் இல்லை, இறுக்குகிற பக்கம்.

"டேய், இன்னா பண்ற? அந்தப் பக்கம் அடிச்சா டைட்டாவும்டா."

"உனுக்குத் தெரியாதுக்கா. இது லெஃப்ட் த்ரெட்."

லெஃப்ட் த்ரெட்டாம். காரணமும் சொன்னான். சைக்கிளில் இடது பெடல் லெஃப்ட் த்ரெட். இந்த வண்டியில் செயின் ஓடுவது இடது சக்கரத்தில். ஆகவே இதுவும் லெஃப்ட் த்ரெட். கேட்டால் ஒரு கணம் சரி போலத்தான் இருக்கும். பட்டறையில் பாதி அறிவு இப்படித்தான் பரவுகிறது. நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சக்கரம் இடதில் இருந்தால் என்ன, வலதில் இருந்தால் என்ன, ஃப்ரீவீல் சைக்கிளில் மாதிரியே சக்கரத்தின் வலது முகத்தில்தானே இருக்கிறது, முன்னால்தானே உருளுகிறது? நான் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற இறுகுகிற மாதிரிதான் மரை போட்டிருப்பான். லெஃப்ட் த்ரெட்டாக இருந்திருந்தால் பதினோரு வருஷத்தில் எத்தனை தடவை நடுரோட்டில் கழன்று விழுந்திருக்கும்? அவன் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு அதே பக்கம் இன்னும் நாலு அடி அடித்தான்.

அந்த சத்தத்துக்கு, அந்த வாரம் நைட் ஷிஃப்ட்டில் இருந்த எதிர்வீட்டு வெல்டர் வந்து சேர்ந்தார். சுத்தியல் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். வந்தவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, விரலால் தொட்டு, மூக்கை உறிஞ்சி, ஆமாம் லெஃப்ட்டுதான் என்று தீர்ப்புச் சொன்னார். அவர் பார்த்தது துருவை. மரை வெளியே தெரியவே தெரியாது. பிறகு ஒரு யோசனையும் சொன்னார். ஃப்ரீவீல் மேல் ஒரு கம்பியை வெல்டு வைத்து, கம்பியைப் பிடித்துத் திருப்பினால் வெண்ணெய் மாதிரி வந்துவிடுமாம். அந்த மனுஷனுக்கு எதுவானாலும் வெல்டு வைக்க வேண்டும். அவர் வீட்டு கேட்டுக்கு வெல்டு வைத்தது போதாதென்று, துணி காயப்போடும் கம்பியையும் ஜன்னலோடு வெல்டு வைத்திருக்கிறார். என் சக்கரத்தில் நெருப்பு பட்டால் நடுவில் இருக்கிற ஹப்பே கோணிப்போகும், தொட்டால் கையை உடைப்பேன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்து, அக்கா டென்ஷனா இருக்காங்க என்றார்.

அதுதான் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம். என் வண்டி, என் சக்கரம், மரையே என் வேலை. நான் சொல்வது மட்டும் அங்கே டென்ஷன். கால் இல்லாதவளுக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை என்று இவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். காது மட்டும் இருக்கிறது என்று நினைத்து உரக்கப் பேசுவார்கள்.

அன்று சாயங்காலம் அவர்கள் போனதும் நான் கீழே இறங்கி உட்கார்ந்து, ஃப்ரீவீலைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். தம்பி பொண்டாட்டி பார்த்துக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி எனக்கு அதுவரை பெரிய மதிப்பு கிடையாது. டிவி சீரியல், ஃபோன், குழந்தை ஸ்கூல் வாட்ஸப், இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அவளும் என்னைப் பற்றி ஏதாவது நினைத்திருப்பாள், நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை கூத்து இன்னும் பெரியது. தம்பி எங்கிருந்தோ நீளமான பைப் ஒன்று கொண்டு வந்தான். பைப் ரெஞ்சை ஃப்ரீவீலின் நடு வளையத்தில் கவ்வ வைத்து, அதன் பிடியில் பைப்பைச் சொருகி, வெல்டர் சக்கரத்தை அமுக்கிக்கொள்ள, இவன் பைப்பின் முனையில் தொங்கினான். மறுபடியும் அதே பக்கம். இரண்டு ஆண்களும் வியர்த்து ஊற்றி, ஹே ஹே என்று மூச்சுவிட்டுக்கொண்டு, என் ஃப்ரீவீலை இந்த ஜென்மத்தில் கழலாதபடி இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரெஞ்சு வழுக்கி வெல்டரின் முழங்காலில் போய் இடித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

இதில் ஒன்று எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். வெல்டர் நிஜமாகவே முக்கினார். தம்பி முக்கவில்லை. பைப்பில் தொங்கினானே தவிர, அவன் கை நரம்பு புடைக்கவில்லை. மில்லில் இரண்டு ஆள் தூக்குகிறதைத் தனியாகத் தூக்குகிறவன் அவன். நான் பார்த்தேன், ஆனால் சோம்பேறி என்று திட்டிவிட்டு விட்டுவிட்டேன். அவனைத் திட்டுவது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

சாயங்காலம் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான். காடி ஒன்று உளி பட்டு நசுங்கிவிட்டது. ஹப் அவ்வளவுதான். இந்த மாடல் இப்போது வருவதில்லை, வேறு ஹப் கிடைக்காது. கலெக்டர் ஆபீஸில் ஸ்கூட்டருக்கு எழுதிப் போடலாம், வரும்போது வரட்டும். அதுவரைக்கும் வீட்டிலேயே இரு, நான் இருக்கேன்ல என்றான். நான் இருக்கேன்ல. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கை எரிந்தது. திங்கட்கிழமை எனக்கு என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போகப் புது சுடிதாரே அவன்தான் போன வாரம் வாங்கிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கறி வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தே போனான். நான் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் திருவள்ளூர் சைக்கிள் கடை பாய்க்கு ஃபோன் போட்டேன். பல வருஷமாக எனக்கு டியூப் மாற்றிக் கொடுப்பவர். பாய், எங்கேயாவது அந்தச் சாவி கிடைக்குமா, நீங்களே வந்து பார்க்க முடியுமா என்று கெஞ்சுகிற குரலில் கேட்டேன். கெஞ்சுவது எனக்கு வராது, வந்தவரைக்கும் கெஞ்சினேன்.

"இன்னாம்மா சொல்றீங்க, சாவியதான் வெள்ளிக்கெழமையே உங்க தம்பி வாங்கினு போயிட்டாரே. ரைட் த்ரெட்டுதான், மண்ணெண்ண ஊத்தி வெச்சி இந்தப் பக்கம் திருப்புங்கன்னு கையப் புடிச்சி காட்டி அனுப்பனேன். அவருதான் சிரிச்சிகினே, எனக்குத் தெரியும் பாய், சின்ன வயசுல எத்தினி கழட்டியிருக்கேன்னாரு."

ஃபோனை வைத்தேன். முட்டாள் என்று நினைத்தவரைக்கும் அவன் மேல் எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. கோபம் லேசானது, திட்டினால் போய்விடும். இது அப்படி இல்லை. இரண்டு நாள் என் எதிரிலேயே உட்கார்ந்து, தெரிந்தே, ஒவ்வொரு அடியாக அடித்து இறுக்கியிருக்கிறான். மரை பார்த்தே காலத்தை ஓட்டியவள், அவனைப் பார்க்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அழவில்லை என்று எழுத ஆசைதான். அழுதேன்.

பாய் பேசியது ஸ்பீக்கரில் இருந்ததால் தம்பி பொண்டாட்டிக்கும் கேட்டிருக்கிறது. அவன் எதையாவது ஒளித்தால் எங்கே வைப்பான் என்று அவளுக்குத் தெரியும், நேராக வெளியே போனாள். அவன் பைக்கின் பக்கப் பெட்டியைத் திறந்து, உள்ளே துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். சாவி. கடை ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை.

"இன்னா பண்ணணும் சொல்லுக்கா" என்றாள்.

இரும்பைக் கடித்துப் பிடிக்கிற சின்ன வைஸ் ஒன்றைத் தம்பி வீட்டில் வைத்திருக்கிறான், பலகையில் போல்ட்டு போட்டு இறுக்கியது. அதை அவள் தூக்கி வந்து வாசல் தரையில் வைத்தாள். நசுங்கிய காடியை நான் சின்ன அரத்தால் தேய்த்துச் சரி செய்தேன். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஹப் அவ்வளவுதான் என்று சொன்னவன் வாயில்தான் பெரிது. சாவியின் இரண்டு மூக்கையும் காடியில் உட்கார வைத்து, நழுவாமலிருக்க அச்சு நட்டை மேலே போட்டுக் கையால் பிடிக்கிற அளவுக்கு முடுக்கினேன். சக்கரத்தைக் கவிழ்த்து, சாவியை வைஸில் கடிக்க வைத்தோம். இப்போது சக்கரம் தரைக்கு மேல் படுத்துக்கிடந்தது, பெரிய லாரி ஸ்டியரிங் மாதிரி. பலகை தூக்கிக்கொள்ளாமலிருக்க அவளை அதன்மேல் உட்காரச் சொன்னேன். நைட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரிம்மை இரண்டு கையாலும் பிடித்தேன். இடதுபக்கமாக வலித்தேன். அசையவில்லை. இரண்டு ஆண்கள் இரண்டு நாள் தொங்கி இறுக்கியது, சும்மா வருமா? மூச்சை வாங்கிக்கொண்டு மறுபடி வலித்தேன். தினமும் எட்டு கிலோமீட்டர் சுற்றுகிற தோள் என்னுடையது. தெருவில் யாருக்கும் இப்படித் தோள் கிடையாது, தம்பிக்கும் கிடையாது. ஆனால் அதை யாரும் பார்த்ததில்லை, எல்லாருடைய கண்ணும் காலோடு நின்றுவிடும். மூன்றாவது தடவை டக்கென்று ஒரு சத்தம். சக்கரம் ஒரு விரல் அளவு திரும்பியது. உடைந்துவிட்டதா என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள். இல்லை, விட்டுவிட்டது என்றேன். அச்சு நட்டைத் தளர்த்திவிட்டு மறுபடி திருப்பினோம். அப்புறம் விரலாலேயே கழன்று வந்தது. மரையை நகத்தால் தடவிப் பார்த்தேன். ரைட் த்ரெட். ஒரு சுற்றுகூடச் சேதமில்லை.

தம்பி கறிப் பையோடு வந்தபோது பழைய ஃப்ரீவீல் நியூஸ் பேப்பர் மேல் இருந்தது, பக்கத்தில் சாவி. இரண்டையும் பார்த்தான். அவன் பொண்டாட்டி எழுந்து பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எதிர்வீட்டு வெல்டர் கேட்டைத் திறக்கப்போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். முதல் தடவையாக ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்.

இன்னாத்துக்குடா என்று கேட்டேன். ரொம்ப நேரம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"பர்மனென்ட் ஆயிட்டா ரிடையர் ஆவுற வரைக்கும் இன்னும் பதினோரு வருஷம் நீ அந்த ரோட்லதான் போவ" என்றான். "போன மாசம் நீ கல்லு மேல ஏறலக்கா. கன்டெய்னர்காரன் தள்ளிட்டான். நான் பாத்தேன்."

"எங்கருந்து பாத்த?"

"பஸ்லருந்து."

அவனுடைய கம்பெனி பஸ் திருநின்றவூரில் கிளம்பி, ஏழு மணிக்கு எங்கள் ஊர் ஸ்டாப்பில் அவனை ஏற்றிக்கொண்டு, நான் போகிற அதே ரோட்டில் திருவள்ளூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும். தினமும் என்னைத் தாண்டித்தான் போகும். அந்த மஞ்சள் பஸ்ஸை எனக்குத் தெரியும். முள்ளுச்செடியில் சாய்ந்து கிடந்தபோதும் ஒரு மஞ்சள் பஸ் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போனது. அப்போது எனக்கு ஹாண்டிலை நிமிர்த்துகிற கவலை.

"எறங்குனியா?" என்று கேட்டேன்.

அவன் இல்லை என்று தலையாட்டினான். மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் பக்கம் வந்து பார்த்தார்களாம். இதெல்லாம் எதுக்கு ரோட்டுக்கு வருது, பாவம் என்று ஒருவன் சொன்னானாம். இவன் தலையைக் குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். தனக்கு இப்படி ஒரு அக்கா இருப்பது அந்த பஸ்ஸில் ஒருத்தருக்கும் தெரியாதாம். பதினெட்டு வருஷத்தில் அவனுடைய மில் ஆட்கள் ஒருத்தர்கூட எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. அதை நான் தற்செயல் என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து தூக்கமே இல்லக்கா, கண்ண மூடினா நீ அந்த முள்ளுல கெடக்குற என்றான். பயமாக இருக்கிறது என்றான். நான் போவது நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது என்றான்.

"இது பயம் இல்லடா, வெக்கம்" என்றேன். "உன் வெக்கத்துக்கு என் சக்கரத்த போட்டு அடிப்பியா?"

மேற்கொண்டு சொல்லத் தோன்றியதெல்லாம் இங்கே எழுதக்கூடியது இல்லை. ஹப்பின் மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, புது ஃப்ரீவீலை நானே ஏற்றினேன். சக்கரத்தை வண்டியில் மாட்டி நட்டை முடுக்க அவன் கையை நீட்டினான். சரி என்று விட்டேன். அவன் போன பிறகு ஸ்பானரை எடுத்து ஒருமுறை நானே முடுக்கிப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் முடுக்கியிருந்தான். அன்றைக்கு அந்தக் கறிக்குழம்பை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பர்மனென்ட் ஆர்டர் அடுத்த மாதம் கைக்கு வந்தது. இன்டர்வியூவில் அந்தப் பெரிய ஆபீஸ் ஆள் கேட்ட கேள்விகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கேஜை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாதவன். நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமை காலையைப் பற்றி.

ஆறே முக்காலுக்குப் புது சுடிதாரோடு கிளம்பினேன். புது ஃப்ரீவீல் கடகடவென்று நல்ல சத்தம் போட்டது. தம்பியிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. ரோட்டில் வழக்கம்போல லாரிகள், டேங்கர்கள், ஸ்கூல் வேன்கள். போன மாதம் விழுந்த முள்ளுச்செடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன், பின்னாலிருந்து மஞ்சள் பஸ் வந்து என்னைத் தாண்டியது. நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக ரோட்டைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பஸ் முன்னால் போய் நின்றது. அங்கே ஸ்டாப்பே கிடையாது. கதவு திறந்து தம்பி இறங்கினான், கம்பெனி யூனிஃபார்மில், தோளில் டிபன் பையோடு. ஜன்னல் முழுக்கத் தலைகள். அவன் கீழே நின்று பஸ்ஸைப் பார்த்து, எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான்.

"எங்க அக்கா. நீங்க போங்க, நான் பின்னாடி வரேன்."

பஸ் போய்விட்டது.

நான் நிற்கவில்லை. எட்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். அவனைத் தாண்டும்போது, லேட்டாவுது, வழிய விடுடா என்று மட்டும் சொன்னேன். சுற்றுகிற வேகத்தையும் குறைக்கவில்லை. பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. வண்டியைத் தொடவில்லை அவன், தள்ளவும் இல்லை. எனக்கு வலதுபக்கத்தில், லாரிகள் உரசிக்கொண்டு போகிற பக்கமாக, எஸ்டேட் கேட் வரைக்கும் ஓடியே வந்தான்.